வாளியில் மிதந்த வாக்கி டாக்கி

கயாக் (உட்கார்ந்து துடுப்பு போடும் ஒடுக்கமான சின்னப் படகு) வாங்க எனக்கு ஒரு மத்தியானம்தான் ஆனது. அதில் எடுத்துப்போக ஒரு ரேடியோ வாங்க நாலு மாதம் ஆனது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு குழாய் ரிப்பேர்காரர்.

நானும் அண்ணனும் (கூடப் பிறந்தவர் இல்லை, கூடத் துடுப்பு போடுபவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்) ஒரு பாறை முனையைச் சுற்றிக்கொண்டு போனோம். அவர் முன்னால் போனார். முனை தாண்டியதும் ஆளைக் காணோம். அலை கொஞ்சம் ஏறியிருந்தது, எதிர்க்காற்று வேறு, நான் கத்தியது என் காதிலேயே சரியாக விழவில்லை. சரி, போன் இருக்கிறதே என்று கழுத்தில் தொங்கிய நீர்புகாப் பையின் மேலேயே திரையைத் தடவினேன். விரலுக்கும் உப்புத்தண்ணீர்த் துளிக்கும் வித்தியாசம் தெரியாத திரை. நான் ஒரு பெயரைத் தொட, கடல் இன்னொரு பெயரைத் தொட, கடைசியில் கடல் தொட்ட பெயருக்குத்தான் ரிங் போனது.

"சொல்லுங்க சார், தண்ணி எங்க ஒழுகுது?"

எங்கள் வீட்டுக் குழாய் ரிப்பேர்காரர்.

"எல்லாப் பக்கமும்" என்றேன். அந்த நிமிடத்தில் அதுதான் உண்மை.

"பதறாதீங்க. முதல்ல மெயின் வால்வை மூடுங்க."

மறுநாள் காலை மனிதர் நிஜமாகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சமையலறைக் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டிக்கொண்டிருந்ததால் அந்த அழைப்பு முழுக்க வீண் என்று சொல்ல முடியாது.

அண்ணன் பாறை மறைவில் நிதானமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய நெஞ்சுப் பையில் ஒரு சின்னக் கறுப்பு ரேடியோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, போன்ல ஒருத்தரைத்தான் கூப்பிட முடியும், அதுவும் சிக்னல் இருந்தா. இதுல 16-ல கூப்பிட்டா சுத்தி இருக்கிற படகு, கப்பல், கரை எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேக்கும். பக்கத்துல இருக்கிறவன் முதல்ல வருவான்" என்றார். 16-ஆம் சேனல் என்றால் 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் என்று உலகம் முழுக்க ஒதுக்கி வைத்திருப்பது. குழாய் ரிப்பேர்காரர் அதில் வரமாட்டார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று ராத்திரியே ஆராய்ச்சி ஆரம்பித்துவிட்டேன். ஆராய்ச்சி என்றால் வாட். கையடக்க ரேடியோக்களில் சில 5 வாட், சில 6 வாட். ஒரு மாதம் முழுக்க 6 வாட் என்ற பிடிவாதத்தோடு அலைந்தேன், ஒரு வாட்டை விட்டுக்கொடுத்தால் உயிரே போய்விடும் என்பதுபோல. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சிக்னல் வலுவை அளக்கும் கணக்கில், ஒரு டெசிபெல்கூட இல்லை என்று தெரிந்தது. அது காதுக்கே தெரியாது. பெரிய படகுகளில் பொருத்தியிருக்கும் ரேடியோ 25 வாட் அனுப்பும், ஆனால் அதற்குக்கூடத் தன் ஆன்டெனா உயரத்தை வைத்துத்தான் பிழைப்பு. இந்த ரேடியோக்கள் பேசும் விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது, நடுவில் கடலே குறுக்கே வந்து நின்றுவிடும். ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அது எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்று தெரிந்துவிடும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவனின் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து தாராளமாகச் சொன்னாலும் ஒரு மீட்டர், ஆக 4 கிலோமீட்டர். எதிரிலும் கயாக் என்றால் அவருடைய 4-ஐயும் கூட்டி 8, அதுவும் அலை ஏறாத நாளில். இரண்டு பேரும் அலைப்பள்ளத்தில் இறங்கிவிட்டால் நூறு வாட் வைத்திருந்தாலும் ஒருவருக்கொருவர் கிடையாது. அதே ஆள் கரையில் 100 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் நிலையத்தைக் கூப்பிட்டால் 45 கிலோமீட்டர் வரை வாய்ப்பு உண்டு. நான் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு தொண்டையைப் பெரிதாக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாட் போனதும் பேட்டரியைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் பத்து மணி நேரம், பதினொரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் நூற்றில் 5 பங்கு பேசுவது, 5 பங்கு சத்தமாகக் கேட்பது, மீதி 90 பங்கு சும்மா காத்திருப்பது என்ற கணக்கில் வந்த மணி நேரம். இதை மனைவியிடம் விளக்கினேன். "நம்ம வீட்ல நீங்க இருக்கிறதும் அதே கணக்குதான்" என்றாள். பேட்டரி ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

கடைக்குப் போனபோது துடுப்புக் கையுறையை எடுத்துக்கொண்டு போனேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோய் அங்கேயே கையுறையை நனைத்துக்கொண்டேன். கண்ணாடி மேசை முழுக்கச் சொட்டியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சொட்டச் சொட்ட, ஒவ்வொரு ரேடியோவாக வாங்கிப் பேசும் பொத்தான் எங்கே, ஒலிக்குமிழ் எங்கே, நேராக 16-க்குத் தாவும் பொத்தான் எங்கே என்று தடவிப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் ஏதோ கேட்கப் பார்த்தார், அப்புறம் பேசாமல் ஒரு துணியை எடுத்துவந்து கிட்டத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஆனால் நாலு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். திரையில் ரொம்பப் பிரமாதமாக இருந்த ஒரு ரேடியோவில் 1 வாட்டுக்கு இறங்க மெனுவுக்குள் மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது. இன்னொன்றில் பொத்தான்கள் எள்ளுருண்டையில் எள் மாதிரி நெருக்கம், ஒரு விரலை வைத்தால் மூன்று அமுங்கியது. இரண்டையும் அப்போதே தள்ளிவிட்டேன்.

கடைசி வரை நின்றது இரண்டு. ஒன்று சாதாரணம், இன்னொன்றில் ஜிபிஎஸ்ஸும் டிஎஸ்சியும் உண்டு. டிஎஸ்சி என்றால் ஒரு மூடிக்கு அடியில் சிவப்புப் பொத்தான். மூடியைத் தூக்கிச் சில நொடி அமுக்கிப் பிடித்தால் நான் யார், எங்கே இருக்கிறேன் என்பது எண்களாக 70-ஆம் சேனலில் போகும், சுற்றுவட்டத்தில் டிஎஸ்சி உள்ள ரேடியோக்கள் எல்லாம் அலறும். 70-இல் வாயால் பேசக் கூடாது, அது கருவிகளுக்கு மட்டுமான சேனல். விலை கூடத்தான். ஆனால் கவிழ்ந்து, ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் கயாக், வாய் நிறைய உப்புத்தண்ணீர் என்று இருக்கும்போது அட்சரேகை தீர்க்கரேகையை நிறுத்தி நிதானமாக வாசிக்கும் ஆள் நான் இல்லை. வீட்டு முகவரி சொல்லும்போதே திணறுகிறவன். அதனால் அதையே வாங்கினேன். அதற்கு எம்எம்எஸ்ஐ என்று ஒன்பது இலக்க அடையாள எண் ஒன்று தருகிறார்கள், அதை ரேடியோவில் ஏற்ற வேண்டும். தப்பாக ஏற்றினால் திருத்துவதற்கு அனேகமாக ஒன்றிரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது. மனைவி ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் திருப்பிச் சொல்லிச் சொல்லி அமுக்க, ஒன்பது எண்ணுக்கு இருபது நிமிடம் ஆனது.

வாங்கிவந்த அன்றே வாளிப் பரீட்சை. பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம், ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல். இரண்டுமே நல்ல தண்ணீர்க் கணக்கு. கடலில் போட்டு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசியாக வேண்டும், சார்ஜ் ஏற்றும் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக உட்காராவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது. எனக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியிருந்தது மிதக்குமா என்பது. அண்ணனுடைய முதல் ரேடியோ நன்றாக நீர் தாங்கும், ஆனால் மிதக்காது. அது கைநழுவிப் போய் வருஷக்கணக்காகிறது, இன்னும் கடலடியில் உட்கார்ந்து பொறுப்பாக 16-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பார். என்னுடையது முங்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, மேலே வந்து நின்றது. தண்ணீர் பட்டதும் தானாகவே விளக்கும் மின்னியது. நான் கைதட்டினேன், யாரும் சேரவில்லை.

அந்த விளக்கைப் பற்றிக் கையேடு ஒரு வரி சொல்லியிருந்தது, நான் படிக்கவில்லை. ரேடியோவை அணைத்திருந்தாலும் ஈரம் பட்டால் அது மின்னும். துடைக்காமல் ஈரக் கையுறையோடு பைக்குள் திணித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். "உங்க பை முழிச்சிட்டு இருக்கு."

பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பல நாடுகளில் அதற்குச் சான்றிதழே வாங்க வேண்டும். பொத்தானை அமுக்கி ஒரு நொடி விட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் காற்றோடு போய்விடும். உயிருக்கு ஆபத்து என்றால் மேடே என்ற அபயக் குரல் மூன்று தடவை, பிறகு படகின் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி. ரேடியோவை மேசைமேல் அணைத்து வைத்துவிட்டுக் குளியலறையில் வெறும் வாயால் ஒத்திகை பார்த்தேன்.

"மேடே, மேடே, மேடே..."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "துண்டு வேணுமா?"

முதல் பயணத்தில் ரேடியோவை மேல்தளத்தில், கண்ணுக்கு நேரே, கயிற்றில் செருகிவைத்தேன். அழகாக இருந்தது. நான்தான் வழிகாட்டி, திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் துடுப்பு போட்டேன். "தம்பி, வலப்பக்கம் இருக்க வேண்டிய கரை ஏன் மூஞ்சிக்கு நேரா வருது?" என்று அண்ணன் கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது, அது திசைகாட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு முள்ளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பிடுங்கி என் மிதவை அங்கியின் நெஞ்சுப் பையில் செருகினார். "கவிழ்ந்தா கயாக் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ. இது உன்னோட இருக்கணும். ஏரியல் மேல பார்த்து நிக்கட்டும்."

சரி என்று பையில் வைத்து, பொத்தான்களைப் பூட்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். இருவரும் 72-ஆம் சேனலில், 1 வாட்டில். அவர் முன்னால் அரைக் கிலோமீட்டர். எனக்குத் தனியாகத் துடுப்பு போடும்போது வாய்விட்டுப் பேசும் பழக்கம் உண்டு. அன்று பேச்சு அண்ணனைப் பற்றி. "இந்த மனுஷன் துடுப்பு போடுறதைப் பாரு, ஆத்தங்கரையில துணி அலசுற மாதிரி. இடது பக்கம் ஒரு அலசு, வலது பக்கம் ஒரு அலசு. இதுல எனக்கு வகுப்பு வேற எடுக்கிறாரு." இப்படியே கொஞ்ச தூரம் போனது.

பொத்தான் பூட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டும், பேசும் பொத்தானைப் பூட்டாது. அதுவும் கையேட்டில் இருந்தது. இறுக்கிய அங்கி அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தது, நான் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அனுப்பும்போது எதுவும் கேட்காது என்பதால் அண்ணன் என்னை நிறுத்தவும் வழியில்லை.

கரையில் இறங்கிக் கயாக்கைத் தூக்கும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கி வைத்துவிட்டு, "அந்த ரேடியோவைத் திருப்பி வை, பொத்தான் வெளிப் பக்கம் பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் அவர் முனையைத் தாண்டி மறைந்த கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சுப் பை பேசியது, சுற்றியிருந்த மீன்பிடிப் படகுகளுக்கும் கேட்கட்டும் என்று வார்த்தை வார்த்தையாக நிறுத்தி:

"தம்பி, இந்தப் பக்கம் அலசி முடிச்சாச்சு. காயப்போட வர்றியா? ஓவர்."