நான் சொன்ன ‘இல்லை’

“இதுக்காக எலியை எல்லாம் கொல்ல மாட்டீங்கதானே, மேடம்?” என்று அந்தப் பெண் கேட்டார். “இல்லவே இல்லைம்மா, அதைத் தவிர்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே” என்றேன். உடனே, தன் கருப்பை உள்சவ்விலிருந்து ஆராய்ச்சிக்குச் செல்கள் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு முறை ஐ.வி.எஃப். செய்தும் கரு தங்காதவர். வேறு எதுவுமே கேட்கவில்லை.

நான் சொன்னது சரி என்றுதான் அப்போது நினைத்தேன். சுண்டெலிக்கு மாதவிலக்கே கிடையாது. கரு வந்து ஒட்டும்போதுதான் அதன் கருப்பை உள்சவ்வு கருவைத் தாங்குவதற்கு மாறும். நமக்கோ கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் அந்த மாற்றம் தொடங்கிவிடும். அப்படியிருக்க, ஒரு பெண்ணுக்குக் கரு ஏன் தங்கவில்லை என்று எலியிடம் எவ்வளவுதான் தேட முடியும்? 2017-இல் மனித உள்சவ்விலிருந்தே ஆர்கனாய்டு, அதாவது ஆய்வகத்தில் வளரும் அதன் குட்டி மாதிரியை, வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைக் கொடுத்தால், உள்ளே வெற்றிடம் கொண்ட அந்தக் குட்டி உருண்டைகள் உடம்பில் இருக்கும் சவ்வு போலவே மாறும். அதைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

ஆனால் அன்று மதியமே, செல்கள் வளரத் தாங்கி நிற்கும் மேட்ரிஜெல் என்ற ஜெல்லை ஐஸிலிருந்து எடுத்தேன். கொஞ்சம் சூடு பட்டாலும் இறுகிவிடும் என்பதால் பிப்பெட் முனைகளைக்கூட ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம். அவருடைய செல்களை அதில் கலந்து, சொட்டுச் சொட்டாக விட்டு, 37 டிகிரியில் வைத்தேன். மேட்ரிஜெல் என்பது சுண்டெலியின் உடம்பில் வளர்த்த புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவர் கேட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இல்லை, வந்ததா? அங்கேதான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் மூத்தவரிடம் சொன்னேன். “அவங்க கேட்டது சோதனையைப் பத்தி, ஜெல்லைப் பத்தி இல்லையே” என்றார். அதுவும் நியாயம்தான். எலியே இல்லாத செயற்கை ஜெல் இருக்கிறது. எங்கள் கையில் அது சரியாக வரவில்லை.

மூன்று வாரம் கழித்து வராந்தாவில் அவரைப் பார்த்தேன். கையில் ஊசி மருந்துச் சீட்டு. “வளருதா, மேடம்?” என்றார். “நல்லா வளருதும்மா” என்றேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே ஜெல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. அப்படியானால் அவரும் மறுத்திருக்க மாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எலியைப் பற்றித் தானாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.