டயாலிசிஸ் வீட்டுக் குறிப்புகள்: தண்ணீர்க் கணக்கு யார் கையில்?

2025 மார்ச் 3, திங்கள்

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் சனி ஞாயிறு இடைவெளிதான் பெரியது. திங்கள் காலை எடை மெஷினில் ஏறியதும், உடம்பில் தேங்கிய தண்ணீர் கிலோவாகத் தெரியும், சண்டை தொடங்கிவிடும். "நான் சொன்னா கேட்டாத்தானே" என்று மனைவி. "ஒரு வாய் தண்ணிக்கும் உன்கிட்ட கேட்கணுமா" என்று கணவர். கட்டிக்கொண்டவளைக் காவல்காரி ஆக்குவது இந்தத் தண்ணீர்க் கணக்குதான். அதைக் கணவரிடமே கொடுத்துவிடுங்கள்.

முந்தின நாள் முழுக்கப் போன சிறுநீரோடு 500 மில்லியைக் கூட்டுவது பொதுவான கணக்கு. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான். 300 மில்லி போனால் இன்றைக்கு 800. அதைக் காலையிலேயே பாட்டிலில் ஊற்றி வையுங்கள். காபி குடித்தால், அதே டம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். ரசம், மோர், கஞ்சிக்கும் அப்படியே. பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

மார்ச் 5, புதன்

பாட்டில் வைத்தும் எடை ஏறினால் உப்பைப் பாருங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு சாப்பிட்டவருக்குத் தாகத்தை அடக்கு என்றால் முடியாது. அவரைத் திட்டிப் பயனில்லை. 1 லிட்டர் தேங்கினால் 1 கிலோ. அதையெல்லாம் 4 மணி நேரத்தில் மெஷின் உறிஞ்சும்போது பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். இளநீர் கூடாது என்பதும் அதனால்தான். காயிலுள்ள பொட்டாசியம் குறைய, அதைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத் தாளியுங்கள்.

மார்ச் 8, சனி

படுக்கையில் இடம் மாற வேண்டியிருக்கும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் துணையின் தலை சாயக்கூடாது. ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்தக் கை வெளிப்பக்கம் இருக்கும்படி படுங்கள். இரவு விளக்கணைக்கும் முன் தழும்பின்மேல் விரல் வைத்தால் விர்ரென்ற அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சுத்துணியை வைத்து விரலால் 15 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, துணியால் இறுக்கிக் கட்டவும் கூடாது. நிற்காவிட்டால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நெருக்கம் குறைவதற்கு ரத்தசோகை, ஹார்மோன், சில பிரஷர் மாத்திரைகள் எல்லாமே காரணமாகலாம். அன்பு வற்றிவிட்டது என்று மருகாமல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்தை மாற்றிப் பார்க்க வழியுண்டு.

மார்ச் 14, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் பெரிய பேச்சு வேண்டாம், உடம்பு துவண்டிருக்கும். மறுநாள் காலை பேசுங்கள். முக்கியமாக, சிறுநீரகம் யார் தருவது என்ற பேச்சை.

1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவனும் மனைவியும் நெருங்கிய உறவினர், தரலாம். ஆனால் நம் நாட்டில் உயிரோடிருந்து தருபவர்களில் பெண்களே அதிகம், "நீதானே கொடுக்கணும்" என்ற பார்வையும் அவர்கள்மேல்தான் விழுகிறது. மனைவியை டாக்டர் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மனமில்லை என்றால், வீட்டாரிடம் "உங்களால் தானம் செய்ய முடியாது" என்று மட்டும் சொல்லும்படி டாக்டரிடமே கேளுங்கள்.