காயமே இல்லாத இடத்தில் காயம் ஆற்றும் தோல்

சொரியாசிஸ் என்ற தோல் நோய் வந்த இடத்தில் தோல் அழுகிப்போகவில்லை, அளவுக்கு மீறி வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் "ரத்தம் கெட்டிருக்கும், கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்து" என்றுதான் பதில் வருகிறது. எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்து இரண்டு முழங்கையிலும் திட்டு இருக்கிறது, முடி வெட்டப் போன இடத்தில் துண்டைத் தொடத் தயங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை, தொட்டால் வராது. அந்தத் திட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் அந்தப் பயம் பாதி குறையும் என்று நம்புகிறேன், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்தோலின் அடி அடுக்கில் பிறக்கும் கெரட்டினோசைட் என்ற செல், மெதுவாக மேலே வந்து, தட்டையாகி, உட்கருவை இழந்து, கடைசியில் நமக்குத் தெரியாமலே உதிர்ந்துபோக ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸ் திட்டில் இதெல்லாம் 4, 5 நாளில் நடந்துவிடுகிறது. முதிர்வதற்கு நேரம் கிடைக்காத செல்கள் உட்கருவோடே மேலே வந்து, பிரிந்து உதிரத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, வெள்ளிச் செதிலாக அடுக்கடுக்காக நிற்கின்றன. இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டால், பதிலின் பெரிய பகுதி வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களில் இருக்கிறது.

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் வெளியே விடுகிற சின்னப் புரதம். பக்கத்துச் செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் போய் ஒட்டியதும், பெருகச் சொல்லும் உத்தரவு அந்தச் செல்லுக்குள் இறங்கும். காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் இவைதான் கூடி வேலை செய்கின்றன. புதுத் தோல் வளர்கிறது, புது ரத்தக் குழாய் முளைக்கிறது, காயம் மூடியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. சொரியாசிஸில் அந்த அடங்குதல்தான் நடப்பதில்லை. வெட்டே படாத முழங்கையில் காயம் ஆற்றும் வேலை வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்ட கதையே தோலில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். வழக்கமாகக் கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும் குட்டிகள் ஒரே வாரத்தில் திறந்துவிட்டன. இமைத் தோல் வேகமாக வளர்ந்து முதிர்ந்ததுதான் காரணம், அதைச் செய்த புரதம்தான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈஜிஎஃப். அவரும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மோன்டால்சினியும் சேர்ந்து 1986-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்த இரண்டு பேரின் கண்டுபிடிப்புகளுக்குமே சொரியாசிஸ் திட்டில் இடம் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

ஈஜிஎஃப் குடும்பத்தில் டிஜிஎஃப்-ஆல்ஃபா என்று ஒன்று உண்டு, அதே ஏற்பியில் ஒட்டுவது. சொரியாசிஸ் தோலில் இது மிகுந்து கிடப்பதை 1989-இலேயே கண்டிருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் புரதத்தைச் செய்வதும் கெரட்டினோசைட்தான், அதன் சொல்லைக் கேட்டுப் பெருகுவதும் கெரட்டினோசைட்தான், பெருகிய செல்கள் இன்னும் அதிகமாக அதையே செய்கின்றன. வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வராவிட்டாலும் சுழற்சி ஓடும். அதே குடும்பத்து ஆம்ஃபிரெகுலினை சுண்டெலியின் தோலில் மிகையாகச் சுரக்க வைத்தபோது, சொரியாசிஸ் மாதிரியே தோல் தடித்துச் செதில் வந்தது, மூட்டில் அழற்சியும் வந்தது. நம்மில் பலருக்குத் தோலோடு விரல் மூட்டும் வீங்குகிறதே, அதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ரத்தக் குழாய்கள். செதிலைச் சுரண்டி எடுத்தால் குண்டூசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் தெரியும், ஆஸ்பிட்ஸ் அறிகுறி என்று தோல் டாக்டர்கள் சொல்வார்கள். விஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி நுண் ரத்தக் குழாய்களை வளர்த்து, முறுக்கி, அகலமாக்கி வைத்திருக்கிறது. திட்டு தடித்திருந்தாலும், அவற்றுக்கு நேர் மேலே இருக்கும் தோல் மட்டும் மெலிந்துபோயிருக்கிறது. திட்டு சிவப்பாக (நம் நிறத்தில் பெரும்பாலும் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து) தெரிவதற்கும் இந்தக் குழாய்கள்தான் காரணம்.

அரிப்புக்கு வருவோம். சொரியாசிஸ் தோலில் நரம்பு வளர்ச்சிக் காரணி அதிகம், நரம்பு இழைகளும் அதிகம். இடது முழங்கையில் வந்தால் வலது முழங்கையிலும் வருவதற்கும், மனசு பாரமாக இருக்கும் நாட்களில் அரிப்பு கூடுவதற்கும் நரம்புக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். நரம்பு அறுபட்ட இடத்தில் மட்டும் திட்டு மறைந்துபோன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

சரி, அப்படியென்றால் வளர்ச்சிக் காரணியைத் தடுத்துவிட்டால் நோய் போய்விடுமா? அவ்வளவு நேராக இல்லை. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் சொரியாசிஸையும் குறைக்கிறது என்று 1979-இல் தெரிந்த பிறகு, எதிர்ப்பு சக்தியின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். எதிர்ப்பு சக்தியின் டி செல்கள் விடும் இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-22 போன்ற புரதங்கள் கெரட்டினோசைட்டைச் சீண்டுகின்றன, சீண்டப்பட்ட கெரட்டினோசைட்டுகள் வளர்ச்சிக் காரணிகளையும் இன்னும் பல அழற்சிப் பொருட்களையும் கொட்டுகின்றன, அதைப் பார்த்து டி செல்கள் இன்னும் கூடுகின்றன. தீ வைத்தது எதிர்ப்பு சக்தி என்றாலும், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது தோலின் சொந்தப் புரதங்கள். புற்றுநோய்க்கு ஈஜிஎஃப் ஏற்பியைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களில் சிலருக்குச் சொரியாசிஸ் மறைந்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை, அந்த மருந்தே முகப்பரு போன்ற தடிப்புகளைக் கிளப்பும். அதனால் இன்றுவரை அது சொரியாசிஸ் மருந்தாகவில்லை. இன்டர்லூகின்-17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் போன்ற ஊசிகள்தான் 2015-க்குப் பிறகு பலருடைய தோலைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. விலைதான் நம்மில் பலருக்கு எட்டவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

இதையெல்லாம் படித்ததில் அன்றாடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சொரியாசிஸ் உள்ளவருக்கு நல்ல தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலும் புதுத் திட்டு வரலாம். கோப்னர் விளைவு என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தது. காயம் பட்டதும் வளர்ச்சிக் காரணிகள் கிளம்புகின்றன, நமக்கு அவை கிளம்பினால் அடங்குவது கஷ்டம். ஆகவே குளிக்கும்போது கல்லை வைத்துத் தேய்த்துச் செதிலை உரிக்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் அன்பாகத் தேய்த்துவிட வந்தாலும் விடாதீர்கள். எண்ணெய் தடவி ஊறவைத்து, தானாக வருவதை மட்டும் துடைத்து எடுங்கள். பச்சை குத்துவதும், முகத்தில் நுண்ணூசி குத்தி வளர்ச்சிக் காரணி சீரம் ஏற்றும் அழகு சிகிச்சையும், தோல் டாக்டரிடம் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

மருந்துகளில் கால்சிபோட்ரியால் களிம்பு கெரட்டினோசைட்டின் அவசரத்தைக் குறைத்து முதிர வைக்கிறது. மீத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு: இதற்கு முன்னோடியான அமினோப்டெரினை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1951-இல் அந்த அமினோப்டெரினை மூட்டுவாதத்துக்குக் கொடுத்தபோதுதான், கூடவே சொரியாசிஸும் குறைவதைப் பார்த்தார்கள். மீத்தோட்ரெக்சேட்டை சொரியாசிஸுக்கு வாரம் ஒரு முறைதான் எடுக்க வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அப்படிப் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நிறைய பேர். சீட்டில் எந்தக் கிழமை என்று டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரிடமும் சொல்லி வையுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், ஆண்களும்தான், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.