ஒரு வாஷர் குடித்துத் தீர்த்த சிலிண்டர்

பழைய பிரிட்ஜை, பீப்பாயிலிருந்து குளிர்ந்த பீர் பிடிக்கும் பெட்டியாக மாற்றப்போகிறேன் என்றதும், பீர் வெளியே வரத் துளை போடும்போது கவனம் என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல பிரிட்ஜ்களில் குளிரூட்டும் குழாய்கள் பக்கச் சுவருக்குள்ளேயே புதைந்திருக்கும். துளைக்கருவி அதில் பட்டால் பெட்டி அன்றோடு சரி. நான் கதவில் போட்டேன். என் பழைய பெட்டியின் கதவுக்குள் வெறும் காப்பு நுரைதான். கால் மணி நேரத்தில் முடிந்தது.

என்னைக் கவிழ்த்தது வாயு. 19 லிட்டர் பீப்பாயையும், பீரை வெளியே தள்ளும் கரியமில வாயு சிலிண்டரையும் உள்ளே நிற்க வைத்து (சிலிண்டரைப் படுக்கப் போடவே கூடாது), ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சிலிண்டர் காலி! ரெகுலேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வாஷர் வேண்டும். அது அட்டைப்பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. முந்தின இரவு ஸ்பேனரோடு மல்லுக்கட்டி இறுக்கியதெல்லாம் வீண். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவியிருந்தால், குமிழி அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். ஜன்னல் திறந்திருந்த அறை என்பதால் காசோடு போயிற்று. அடைத்த சிறிய அறையில் இந்த வாயு கசிந்தால் மூச்சே திணறும்.

மறுபடி நிரப்பி, வாஷர் போட்டு, சோப்புத் தண்ணீரும் தடவி மாட்டினேன். சில மணி நேரத்தில் பார்த்தால், சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் முள், 57 பாரில் (இதுவும் ஓர் அழுத்த அலகுதான்) நின்றது 40க்குக் கீழே! மறுபடியும் கசிவா? அடித்துப்பிடித்துச் சிலிண்டரை நிரப்பிய இடத்துக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்தார். எடை அப்படியே இருந்தது. உள்ளே இருப்பது திரவம். அது மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். பிரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் முள் இறங்கத்தான் செய்யும். தீரும் தறுவாயில்தான் அது உண்மை பேசும். முள்ளை நம்பாதீர்கள், எடை போடுங்கள்.

அடுத்து நுரை. பீப்பாயிலிருந்து கதவுக்கு அரை மீட்டர்தானே என்று, பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமென்று பீர்க் குழாயை நறுக்கிவிட்டேன். கோப்பை முழுக்க நுரை. வெப்பநிலையை மாற்றினேன், அழுத்தத்தைக் குறைத்தேன். பீர் சப்பென்று ஆனதுதான் மிச்சம். குழாயின் நீளம்தான் அழுத்தத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறது என்பது புரிய ஒரு வாரம் ஆயிற்று. 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை 3 மீட்டருக்கு வாங்கி, பீப்பாயின் தலைமேல் சுருட்டி வைத்து, அழுத்தத்தை மறுபடி 12 பிஎஸ்ஐக்கு ஏற்றினேன். பொன்னிறமாக, மேலே இரண்டு விரல் நுரையோடு இறங்கியது.

கதவின் வெளியே நிற்கும், பீர் பிடிக்கும் திறப்பான் மட்டும் சூடாகவே இருப்பதால், அன்றைய முதல் கோப்பை இன்னமும் நுரைத்துத்தான் வருகிறது. விருந்தாளிக்கு இரண்டாவது கோப்பை. முதல் கோப்பை எனக்கு.