சிம்பொனிக்குக் கட்டிய அரங்கில் மிருதங்கம்

பல்கலைக்கழக இசையரங்கில் மேடைப் பொறுப்பாளர் வேலை என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது, "அப்போ தினமும் ஓசியிலேயே கச்சேரி கேட்கலாமே?" என்பதுதான். கேட்கலாம்தான். ஆனால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்று, நாளைக் காலையில் இதே மேடையில் என்ன ஏறப்போகிறது என்று யோசித்துக்கொண்டே கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு வாரத்து அட்டவணை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலையில் பொது விரிவுரை, மறுநாள் வயலின், வியோலா, செல்லோ என்று ஒரு நால்வர் குழு, அப்புறம் கர்நாடக இசைக் கச்சேரி, மாணவர்களின் ஜாஸ் குழு, பரதநாட்டியம், வாரக் கடைசியில் முழு ஆர்க்கெஸ்ட்ரா. நிகழ்ச்சிக் கையேட்டில் பார்க்க அழகாக இருக்கும், பன்முகக் கலைகள் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பன்முகம் முழுவதும் ஒரே தரை, ஒரே கூரை, அதே சின்னக் குழு என்ற கணக்கில்தான் நடக்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று, அரங்கம் எல்லாக் கலைக்கும் பொதுவான காலி இடம் அல்ல. அதற்கென்று ஒரு காது இருக்கிறது, கட்டும்போதே ஒருவகை இசைக்குச் சாதகமாகத்தான் கட்டியிருப்பார்கள்.

எதிர்முழக்க நேரம் என்று ஒன்று உண்டு. ஒரு சத்தம் நின்ற பிறகு அதன் மிச்சம் 60 டெசிபல் குறைந்து தேய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏறத்தாழ 2 நொடி வேண்டும், அப்போதுதான் வயலின்களின் ஒலி ஒன்றோடொன்று இழைந்து கனமாக வரும். பேச்சுக்கு 1 நொடியோ அதற்கும் குறைவோதான் நல்லது. இந்தக் கணக்கே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தது. 1895-ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று, இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் பிரச்சினையை ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு சொல் முடிந்தும் ஐந்து நொடிக்கு மேல் அதன் ஒலி சுற்றிக்கொண்டிருந்ததாம். சபைன் தன் உதவியாளர்களோடு, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடி குறைகிறது என்று அளந்துவிட்டு, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அந்த அளவுகளிலிருந்து வந்த சூத்திரத்தை வைத்துத்தான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் வடிவமைக்கப்பட்டது. எனக்கு அந்தச் சூத்திரத்தைவிட, ராத்திரியெல்லாம் மெத்தை சுமந்த உதவியாளர்களின் கதைதான் மனதுக்கு நெருக்கம். இன்றைக்கும் எங்கள் வேலை கிட்டத்தட்ட அதேதான்.

சரி, சிம்பொனிக்கான அந்த 2 நொடி அரங்கில் மிருதங்கம் வாசித்தால் என்ன ஆகும்? மெதுவான விளம்ப காலத்தில் ஒன்றும் தெரியாது, பாட்டு கோயில் மண்டபத்தில் ஒலிப்பதுபோல் சுகமாகக்கூட இருக்கும். தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் சாயம் வெளுத்துவிடும். நொடிக்கு எட்டு, பத்து அடி விழுகிற இடத்தில், முதல் அடியின் மிச்சம் அடங்குவதற்குள் அடுத்த பத்தும் அதன் மேலேயே வந்து விழுகிறது. விரல் அவ்வளவு சுத்தமாகப் பேசியும் பின் வரிசைக்குப் போவது வெறும் இரைச்சல். உடனே மேடையிலிருந்து "மைக்கைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று கை காட்டுவார்கள், ஒலியமைப்பாளரும் ஏற்றுவார். ஏற்ற ஏற்ற, நேராக வருகிற ஒலியோடு சுவரில் பட்டு வருகிற ஒலியும் சேர்ந்தே ஏறும், தெளிவு அப்படியேதான் இருக்கும். இதை எனக்குப் புரியவைத்தவர் எந்தப் பொறியாளரும் இல்லை, ஒரு மூத்த மிருதங்க வித்வான். சவுண்ட் செக்கின்போது ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஹால்ல சத்தம் நிக்குது. எனக்கு மைக்கைக் கூட்டாதீங்க, குறைங்க. அந்தத் திரையெல்லாம் இறங்குமா?" என்று கேட்டார்.

இறங்கும். சுவரோரமாக மோட்டாரில் ஏறி இறங்குகிற கனமான துணித் திரைகள் புதிதாகக் கட்டும் அரங்குகளில் பெரும்பாலும் உண்டு. அவற்றை முழுக்க இறக்கி, கலைஞர்களை மேடையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து, ஸ்பீக்கர்களைச் சுவர் பக்கம் போகாமல் இருக்கைகளைப் பார்த்துத் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். என்னைக் கேட்டால், கூட்டம் சின்னதாக இருந்தால் ரசிகர்களையே மேடைமேல் ஏற்றி, பாடகரைச் சுற்றி உட்காரவைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் டிக்கெட் விற்பனைப் பிரிவுக்கு இது பிடிக்காது, ஆயிரம் இருக்கை காலியாகக் கிடக்கும்போது மேடையில் ஏன் நாற்காலி என்பார்கள்.

தரையின் கதை தனி. செல்லோவின் அடியில் ஒரு கூரான உலோகக் கம்பி இருக்கும், அதை மரத்தரையில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். கம்பி நழுவாமல் இருக்கப் பட்டையோ தட்டோ கொடுத்தால் சிலர் போட்டுக்கொள்வார்கள், சிலருக்கு மரத்தில் நேராகக் குத்தினால்தான் நாதம் தரையில் இறங்குகிறது என்ற நம்பிக்கை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் செல்லோ வரிசை உட்காரும் இடம் நாளடைவில் பொத்தல் பொத்தலாகி, ஓரங்களில் சிராய் கிளம்பும். அதே இடத்தில் அடுத்த நாள் ஒரு பெண் வெறுங்காலோடு தட்டடவு ஆட வேண்டும். அதனால் நாட்டியத்துக்கு முன்னால் தரையை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்து, சிராயைத் தேய்த்துவிட்டு, அப்புறம் காந்தம் பொருத்திய துடைப்பத்தை ஒரு சுற்று ஓட்டுவோம். இசைத்தாள் தாங்கிகளிலிருந்து விழுந்த திருகாணி, ஸ்டேப்ளர் பின், சிலசமயம் முந்தைய ஆட்டத்துச் சலங்கையின் கொக்கிகூட அதில் ஒட்டிக்கொண்டு வரும். வினைல் விரிப்பைப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும், பாலே ஆடுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். பரதநாட்டியக்காரர்களில் பலர் வேண்டாம் என்பார்கள், தட்டின் சத்தம் செத்துவிடுகிறது என்று. ஃபிளமென்கோ என்றால் இன்னும் வேடிக்கை, காலணியின் நுனியிலும் குதிகாலிலும் ஆணி அடித்திருக்கும், அதற்குத் தனிப் பலகை.

ஏசி சத்தம், மேடை விளக்கின் சூட்டில் இறங்கிப்போகிற தம்புரா சுருதி, 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குச் சேர்த்த பியானோவை 442-க்கு ஏற்றச் சொல்கிற ஆர்க்கெஸ்ட்ரா, இதெல்லாம் தினசரிப் பாடு.

இவ்வளவு மெனக்கெட்டும் சில நிகழ்ச்சிகள் ஒட்டவே ஒட்டாது, ஒருதடவை வந்துபோன விருந்தாளி மாதிரி கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடும். ஒட்டுகிற இடங்களில் அந்தக் கலைக்கு வளாகத்திலேயே ஒரு வகுப்பு நடந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். 1960-களிலேயே பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அங்கே போய்க் கற்பித்தார், அவர் தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் பல ஆண்டுகள் ஆசிரியர்களாக இருந்தார்கள், அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் கர்நாடக இசை கற்றுப் பாகவதரானதும் அந்தச் சூழலில்தான். அப்படியொரு வளாகத்தில் தனி ஆவர்த்தனத்தின்போது கூட்டத்தில் நாலு பேராவது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள், வாசிப்பவருக்கு அது போதும். எங்கள் அரங்கிலேயே, டிக்கெட் கிழிக்கச் சம்பளத்துக்கு வந்த மாணவர்கள், கதவைச் சாத்தியதும் உள்ளே நழுவிக் கடைசி வரிசையில் போய் உட்காருவதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறேன். விதிப்படி அவர்கள் வெளியில் நிற்க வேண்டும். விதி கிடக்கட்டும்.

நிகழ்ச்சிக் குழுவோடு எனக்கிருக்கும் ஒரே சண்டை, நாட்களைப் பற்றியது. எந்தெந்த மரபு வேண்டும், எந்தெந்த நாட்டுக் கலைஞர் வேண்டும் என்று மாதக்கணக்கில் பேசுகிறவர்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மேடைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பேசுவதில்லை. அதனால் பாதிக்கப்படுவதும் எப்போதும் ஒரே தரப்புதான்: ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முழுநாள் ஒத்திகை, நாட்டியத்துக்கும் கச்சேரிக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம். அடுத்த பருவத்தின் வரைவு அட்டவணை போன வாரம் வந்தது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மறுநாளே பரதநாட்டியம் என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒருநாள் விடுங்கள், தரையைத் தேய்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.