மொட்டை மாடியில் தூசி மானி: திருவொற்றியூர் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி
எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போய் வந்தேன். கையிலிருக்கும் இஎஸ்பி32 போர்டோடு (வைஃபை உள்ள குட்டிக் கணினி) சேர்க்க பிஎம்எஸ்5003 தூசி சென்சார், வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 சென்சார், பாகங்களைப் பற்றவைக்கத் துளைகள் உள்ள டாட் போர்டு வாங்கியாச்சு. போகிக்குள் மாடியில் ஏற்றிவிட வேண்டும். மணலித் தொழிற்சாலைப் பக்கக் காற்று அடிக்கும்போது மூக்கு சொல்வதை எண்ணாகப் பார்க்க நெடுநாள் ஆசை.

ஜனவரி 5, ஞாயிறு
தூசி சென்சாருக்குள் குட்டி விசிறி காற்றை இழுக்கிறது. துகளில் பட்டு லேசர் ஒளி சிதறுவதை வைத்து அளவு சொல்கிறது. விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும், தகவல் கம்பி 3.3 வோல்ட்தான். அதனால் தகவல் கம்பியை நேரே இஎஸ்பி32 போர்டின் 16ஆம் பின்னில் (இணைப்பு முனை) கொடுத்தேன். வைஃபை கிளம்பும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆனது. 5 வோல்ட் கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டெனக் கொடுக்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்ததும் அடங்கியது.

ஜனவரி 6
பிஎம்இ280 ஈரப்பதமே காட்டவில்லை. சிப்பின் அடையாள எண்ணை நிரல் வழியே படித்தால் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறை) 58. வரவேண்டியது 60. கடையில் தந்தது பிஎம்பி280. வெப்பம், காற்றழுத்தத்தோடு சரி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. வாங்குபவர்கள் முதலில் அந்த எண்ணைப் படித்துவிடுங்கள்.

எனக்கு ஈரப்பதம்தான் முக்கியம். 75 சதவீதத்தைத் தாண்டினால் கடல் உப்புத் துகள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும்; சென்சார் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். கடலோரத்தில் ஈரப்பதம் சேர்க்காத தூசிக் கணக்கை நான் நம்பமாட்டேன்.

ஜனவரி 9
சரியான பிஎம்இ280 கிடைத்தது. 21, 22ஆம் பின்களில் பற்றவைத்தேன். உப்புக்காற்று தாமிரத்தைப் பச்சை பிடிக்க வைக்கும் என்பதால், சென்சாரின் துளைமேல் டேப் ஒட்டிவிட்டு போர்டு முழுக்க கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத மெல்லிய பூச்சு) அடித்தேன்.

கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்தார். “தம்பி, கேமராவா?”
“இல்லக்கா, தூசி அளக்கறது.”
“அப்போ கன்டெய்னர் லாரி போற நேரமெல்லாம் தெரியுமா?”
அந்தக் கேள்விக்காகவே நிமிடத்துக்கு ஒரு அளவு பதியும்படி நிரலை மாற்றினேன்.

ஜனவரி 13, போகி
விடிவதற்குள் தெருமுனையில் கொளுத்திவிட்டார்கள். பிஎம்2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்) அளவு கிடுகிடுவென ஏறியது. ஈரப்பதமும் அதிகம்தான்; ஆனால் அதே ஈரப்பதம் இருந்த முந்தைய விடியல்களில் இவ்வளவு இல்லை. ஆக, இது புகைதான். நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது 24 மணி நேரச் சராசரி. ஒரு நிமிட எண்ணை அதோடு ஒப்பிட்டுக் கூவுவது நியாயமில்லை. நாளை காலை சராசரி எடுத்து அக்காவிடம் காட்டுகிறேன், லாரி நேரங்களையும் சேர்த்து.