அட்டையில் ஒரு பிறை

எண்ணூர் பக்கம் சுகாதார நர்ஸாகச் சேர்ந்த புதிதில், இருளர் பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். சிவப்பு முக்கோணம் போட்ட அட்டைகளோடு கொசஸ்தலை ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றும் நேரம். பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் பரி என்ற பனையோலைக் கூடை அவர்கள் பல்லிடுக்கில் தொங்கியது. வாயில் பரி இருக்க, எனக்கு யார் பதில் சொல்வது? கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏறி வந்தபின் பேசினால், காப்பர் டி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் தெரிந்திருக்கிறது. "ஆபரேஷன் பண்ணா எத்தினி நாளு தண்ணில எறங்கக் கூடாது? அதுவரிக்கும் உலைக்கு யாரு போடுவா?" என்றாள் ஒருத்தி. என் அட்டையில் அதற்கு விடை இல்லை. ஆண்களுக்குக் கத்தியும் தையலும் இல்லாமல் செய்யலாம் என்றேன், சிரித்தார்கள். தமிழ்நாடு முழுக்க அதே சிரிப்புதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்கள் ஆபரேஷன் நூற்றுக்கு 58 போல. ஆண்கள் ஆபரேஷன் ஒன்றுகூடத் தேறவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் அந்தரா கருத்தடை ஊசிக்கு, உலையைப் பற்றிக் கேட்டவளே முதலில் வந்தாள். தீட்டு நின்றதும் பயந்துவிட்டாள்.

"ரத்தம் வயித்துலியே கட்டிக்கினு நிக்குமா நர்ஸம்மா?"

"கர்ப்பப்பை உள்சவ்வு தடிக்காம ஊசி பாத்துக்குதும்மா. உலையே வைக்கல, சோறு எப்படி மிச்சமாகும்?"

அடுத்த ஊசிக்குப் பத்து நாள் தாமதமாக வந்தவளை, தேதி தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். நான்கு வாரம்வரை தாமதமானாலும் போடலாம் என்பதை ராத்திரிதான் கையேட்டில் பார்த்தேன். அவளுடைய ஒரு நாள் இறாலும் ஆட்டோ காசும் என்னால் போனது. மறுநாள் நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"தேதியெல்லாம் யாருக்கு நெனப்பு? அமாவாசை, பௌர்ணமி கணக்குல சொல்லு" என்றாள். நிலாவைப் பார்த்துத்தானே அவர்களுக்குத் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும்! ஊசி போட்ட அன்றைய பிறையே மூன்றாம் முறை திரும்பி வர ஏறக்குறைய 89 நாள். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அன்றிலிருந்து ஊசி அட்டையில் தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் பிறையும் வரைகிறேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி?"

"அடுத்த ஊசித் தேதி சார்" என்றேன்.